யந்திரத் துணையும் சாரதியின் சுபாவமும்

மோட்டார் வாகனத்தை ஓட்டுகிறவருக்குத் துணையாக அதனுள் வைக்கப்படும் சாதனங்கள் இன்று இரு வகையாகப் பெருகி நிற்கின்றன. வழுக்கும் சாலையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி பிரேக்கை விட்டு விட்டுப் பிடிப்பதும், வண்டி பக்கவாட்டில் சறுக்கத் தொடங்கினால் தக்க சக்கரத்தை மட்டும் இறுக்கி அதனை நேர்படுத்துவதும், எதிரே தடை தென்பட்டதும் சாரதியின் கால் அழுந்துமுன் தானே வண்டியை நிறுத்த முயல்வதும் முதல் வகையைச் சேர்ந்தவை. இவை சாரதியின் கைகால்களோடு கூடி வேலை செய்கின்றன. வழி சொல்லும் திரை, வேகம் மிகுந்தால் ஒலிக்கும் மணி, தடம் விலகினால் எழும் எச்சரிக்கை, முகப்புப் பலகையோடு இணைந்த தொலைபேசி ஆகியவை இரண்டாம் வகை. இவை சாரதியின் கண்ணையும் காதையும் கவனத்தையும் நாடுகின்றன. இவற்றைச் செய்து விற்பவர்கள், இன்ன சாதனத்தைப் பொருத்தினால் விபத்து இத்தனை விழுக்காடு குறையும் என்று சொல்லும்போது, அந்த எண்ணை எதனை எதனோடு ஒப்பிட்டு, யார் கையில் கொடுத்து, எத்தனை காலம் பார்த்துப் பெற்றார்கள் என்று விசாரிக்கும் வழக்கம் வாங்குவோரிடத்தில் அவ்வளவாக இல்லை. அந்த விசாரணையின் வரலாறும் நியாயமும் இக்கட்டுரையின் பொருள்.

விசாரணை எளிதானதன்று. விபத்து, அதிலும் உயிர்ச்சேதம் விளைக்கும் விபத்து, ஓடும் தூரத்தோடு வைத்துப் பார்த்தால் மிக அபூர்வமான நிகழ்ச்சி. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2023ஆம் ஆண்டில் வாகனங்கள் பத்துக் கோடி மைல் ஓடியதற்கு 1.26 மரணம் நேர்ந்தது என்பது அந்நாட்டு அரசாங்கத்தின் கணக்கு. அதாவது, ஏறத்தாழப் பதின்மூன்று கோடி கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஓர் உயிர். ஆகவே, நூறு வண்டிகளில் புதிய சாதனத்தைப் பொருத்தி ஓராண்டு ஓடவிட்டு, ஒருவரும் இறக்கவில்லை என்று மகிழ்வதில் பொருளில்லை. அச்சாதனம் இல்லாத நூறு வண்டிகளிலும் அநேகமாக ஒருவரும் இறந்திருக்க மாட்டார். இக்காரணத்தால் ஆராய்ச்சியாளர்கள் மூன்று மார்க்கங்களில் ஒன்றைப் பற்ற வேண்டியவர்களாகிறார்கள். பொய்ச் சாலையைத் திரையில் காட்டும் மாதிரி வண்டியில் மனிதரை உட்கார வைத்துப் பரீட்சிப்பது ஒன்று. உண்மைச் சாலையில் ஓடும் சில வண்டிகளில் காமிராவும் அளவுக் கருவிகளும் பொருத்தி, விபத்தை அன்றி விபத்துக்கு முன்னோடியான நடத்தையை நோக்குவது மற்றொன்று. ஏற்கெனவே நேர்ந்துவிட்ட ஆயிரக்கணக்கான விபத்துகளின் போலீஸ் பதிவுகளையும் இன்ஷூரன்ஸ் கணக்குகளையும் எடுத்துச் சாதனம் உள்ள வண்டிகளையும் இல்லாதவற்றையும் ஒப்பிடுவது மூன்றாவது. முதலிரண்டும் அனுமானத்தின்பாற்பட்டவை, மூன்றாவது பிரத்தியட்சத்துக்கு அருகில் நிற்பது, ஆனால் எப்போதும் காலந்தாழ்த்தி வருவது.

இம்மூன்று மார்க்கங்களிலும் ஏறத்தாழ அரை நூற்றாண்டாகச் சேர்ந்த சான்றுகளை ஒருசேர வைத்து நோக்கினால் ஒரு போக்கு புலப்படுகிறது. வரவு கூடியவன் செலவையும் கூட்டிக்கொள்வதுபோல, சாரதி தாம் நாள்தோறும் உணரும் உதவியை வேகத்துக்கும் சௌகரியத்துக்கும் ஈடாக்கிவிடுகிறார். அவர் உணராத இடத்தில் நின்று வேலை செய்யும் உதவியே பெரும்பாலும் பாதுகாப்பாக மிஞ்சுகிறது. இது மாறாத விதி என்று சொல்வதற்கில்லை. எனினும், ஒரு சாதனத்தை மதிப்பிடப் புகுகிறவர் முதலில் எதனைச் சந்தேகிக்க வேண்டும் என்பதை இது நன்றாகக் காட்டுகிறது.

மியூனிக் நகரத்து டாக்சிகள்

ஏ.பி.எஸ். என்று வழங்கும் பூட்டா பிரேக் அமைப்பு, பாஷ் நிறுவனத்தின் முயற்சியால் 1978ஆம் ஆண்டில் மெர்ஸிடிஸ்-பென்ஸ் கார்களில் இடம்பெற்றது. அதன் யந்திரச் சிறப்பில் ஒருவருக்கும் ஐயமில்லை. ஈரச் சாலையில் பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்தபோதும் சக்கரங்கள் உருண்டுகொண்டே இருக்கும். சக்கரம் உருளும்வரை ஸ்டியரிங்கின் சொல்லுக்கு வண்டி கட்டுப்படும். பரீட்சைத் திடல்களில் இது திரும்பத் திரும்ப நிரூபணமாயிற்று. இத்தகைய வண்டிகள் சாலைக்கு வந்தால் விபத்து குறையாமல் வேறென்ன செய்யும் என்பதே பொறியியல் வல்லுநர்களின் எண்ணமாக இருந்தது.

1980களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் இந்த எண்ணம் பரீட்சைக்கு உட்பட்டது. ஒரு டாக்சிக் கம்பெனியின் வண்டிகளில் ஒரு பகுதிக்கு ஏ.பி.எஸ். பொருத்தி, மற்றவற்றைப் பழைய பிரேக்கோடு விட்டு, வேறெவ்வகையிலும் வேற்றுமையில்லாத இவ்விரு பிரிவுகளையும் அஷென்பிரென்னர், பீல் முதலிய ஆராய்ச்சியாளர்கள் மூன்றாண்டுக் காலம் கவனித்தார்கள். அக்காலத்தில் அந்த டாக்சிகள் சம்பந்தப்பட்ட விபத்துகள் மொத்தம் 747. அவற்றைப் பிரித்துப் பார்த்தபோது, ஏ.பி.எஸ். பொருத்திய வண்டிகளின் பங்கு குறையவில்லை. மிகச் சிறிது கூடியே இருந்தது, ஆனால் அந்தக் கூடுதல் புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத் தக்கதன்று. டாக்சி ஓட்டியின்மேலேயே குற்றம் என்று தீர்ந்த விபத்துகளில் ஏ.பி.எஸ். வண்டிகள் சற்றுக் குறைவாகவும், குற்றம் அவர்மேல் இல்லை என்று தீர்ந்தவற்றில் தெளிவாக மிகுந்தும் காணப்பட்டன.

இதன் காரணத்தை அறிய ஆராய்ச்சியாளர் கையாண்ட உபாயம் சுவையானது. பயிற்சி பெற்ற பார்வையாளர்கள் சாதாரணப் பயணிகளைப் போலவே டாக்சி அமர்த்தி, பதினெட்டுக் கிலோமீட்டர் நீளமுள்ள குறித்த ஒரு வழியைச் சொல்லிப் பிரயாணம் செய்தார்கள். தம்மை ஒருவர் அளந்துகொண்டிருக்கிறார் என்பது ஓட்டுகிறவருக்குத் தெரியாது. தாம் ஏறியிருக்கும் வண்டியில் ஏ.பி.எஸ். உண்டா, இல்லையா என்பது பார்வையாளருக்கும் தெரியாது. இவ்வாறு இரு பக்கத்தும் திரையிட்டு எழுதிய குறிப்புகளைப் பின்னர்ப் பிரித்துப் பார்த்தபோது, ஏ.பி.எஸ். வண்டிக்காரர்கள் வளைவுகளைக் கடுமையாகத் திரும்பியதும், தடத்தில் வழுவாது செல்வதில் தளர்ந்ததும், பிற வண்டிகளின் வரிசையில் புகும்போது இடையூறு விளைத்ததும், மோதலை ஒட்டிய நெருக்கடிகளில் மிகுதியாகச் சிக்கியதும் தெரியவந்தன. சில டாக்சிகளில் ஒளித்துவைத்த அளவுக் கருவிகளும் அதே கதையைச் சொல்லின: கடும் பிரேக் பிடித்த கணங்கள் ஏ.பி.எஸ். வண்டிகளில் அதிகம். பின்னர்க் கம்பெனியார், வண்டி பழுதுபார்க்கும் செலவில் ஒரு பகுதியை ஓட்டுகிறவரே ஏற்க வேண்டும் என்றும், விபத்து மிகுந்தால் வேலையை இழக்க நேரும் என்றும் விதித்தபோது, விபத்துகளின் தொகை இறங்கிற்று. பிரேக்கை மாற்றியபோது நேராத மாறுதல், கணக்குப் புத்தகத்தை மாற்றியபோது நேர்ந்தது.

கனடா நாட்டு உளவியலறிஞர் ஜெரால்டு வைல்டு இந்த அநுபவத்தைத் தம் கொள்கைக்குப் பெரும் ஆதாரமாகக் காட்டினார். மனிதன் தனக்கு உவப்பான ஓர் அபாய அளவை மனத்துள் வைத்திருக்கிறான் என்றும், யந்திரம் அதனைக் குறைத்தால் தன் நடத்தையால் மறுபடி உயர்த்திக்கொள்வான் என்றும் அவர் வாதித்தார். இக்கொள்கையைப் பலர் மறுத்திருக்கிறார்கள். மறுப்பிலும் நியாயம் உண்டு. பாதுகாப்புப் பட்டியும் வலுவான கதவுகளும் காப்பாற்றிய உயிர்களைப் பார்க்கும்போது, எல்லா நன்மையையும் மனிதன் செலவழித்துவிடுகிறான் என்பது பொருந்தாது. எனினும், டாக்சிப் பரீட்சையின் முடிவு தனித்து நிற்கவில்லை. அமெரிக்காவில் ஏ.பி.எஸ். பரவியபின், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்து ஆராய்ச்சியாளரான லெனார்டு எவன்ஸ் ஒரு துணைவரோடு 1996இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஈரச் சாலையில் ஏ.பி.எஸ். வண்டி தன் முன் செல்லும் வண்டியை மோதுவது ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. ஆனால் அதே வண்டியைப் பின்னால் வருகிறவர் மோதுவது அதே அளவு கூடிற்று. சட்டென்று நிற்கத் தெரிந்த வண்டி, சட்டென்று நிற்கத் தெரியாத வண்டிக்கு முன்னால் ஓடுகிறது. சாதனம் உள்ள வண்டியை மட்டும் தனியே எடுத்து அதன் லாபத்தை எழுதி, அதனால் பிறர்க்கு நேர்ந்த நஷ்டத்தை எழுதாது விடும் கணக்கு அரைக் கணக்கே என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டியதில்லை. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2009இல் வெளியிட்ட நீண்டகால மதிப்பீடும், உயிர்ச்சேத விபத்துகளில் ஏ.பி.எஸ்ஸின் நிகர பலன் பூஜ்யத்தை ஒட்டியது என்றும், உயிர்ச்சேதமில்லாத விபத்துகளில் கார்களைப் பொறுத்தவரை 6 விழுக்காடு குறைவு என்றும் முடித்தது.

சறுக்கலைத் தடுக்கும் சாதனம்

ஏ.பி.எஸ்ஸின் உறுப்புகளைக் கொண்டே அமைந்த மற்றொரு சாதனத்தின் வரலாறு இதற்கு நேர்மாறாக இருக்கிறது. வண்டி போகும் திசைக்கும் ஸ்டியரிங் காட்டும் திசைக்கும் வேற்றுமை கண்டவுடன் தக்க சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்துச் சறுக்கலைத் தடுக்கும் இ.எஸ்.சி. என்னும் அமைப்பு, 1995இல் மெர்ஸிடிஸின் விலையுயர்ந்த கார்களில் தோன்றிற்று. இரண்டாண்டு கழித்து, 1997 அக்டோபரில், ஸ்வீடன் நாட்டு மோட்டார்ப் பத்திரிகை ஒன்று, சாலையில் திடீரென்று குறுக்கிடும் காட்டுமானை விலகிச் செல்வதுபோல் வளைத்து ஓட்டும் பரீட்சையில் அதே நிறுவனத்தின் புதிய சிறிய காரைக் கவிழ்த்துக் காட்டிவிட்டது. அந்த அவமானத்தின் விளைவாக அச்சிறு காருக்கும் இச்சாதனம் கட்டாயமாயிற்று. சாமானியர் கைக்கு அது வந்த வழி இது.

ஸ்வீடனில் கிளாஸ் டிங்வால் என்பாரும் துணைவர்களும் இதன் பலனை அளந்த முறை, இத்துறையில் ஒரு முன்மாதிரியாகக் கருதத் தக்கது. இ.எஸ்.சி. உள்ள வண்டிகள் எத்தனை கிலோமீட்டர் ஓடின, எவ்வகைச் சாலையில் ஓடின என்பதை அறிய வழியில்லை. அதனை அறியாமல் விபத்து விகிதத்தைக் கணக்கிடுவது எப்படி? உலர்ந்த சாலையில் முன்வண்டியின் பின்புறத்தில் மோதும் விபத்தை இச்சாதனம் கூட்டவும் குறைக்கவும் நியாயமில்லை. ஆகையால் அத்தகைய விபத்துகளின் எண்ணிக்கை, அந்த வண்டிகள் சாலையில் எவ்வளவு நடமாடின என்பதற்கு ஓர் அளவுகோலாக அமையும். அந்த அளவுகோலுக்கு எதிராக மற்ற விபத்துகளை நிறுத்திப் பார்த்தால், சாதனத்தின் தாக்கம் வெளிப்படும். இவ்வாறு 2003இல் அவர்கள் கண்டது, விபத்து 22.1 விழுக்காடு குறைகிறது என்பது. ஆனால் அதன் பக்கத்திலேயே, இக்கணக்கு 21 விழுக்காடு முன்பின்னாக இருக்கலாம் என்றும் எழுதிவைத்தார்கள். உண்மைப் பலன் ஒரு விழுக்காடாகவும் இருக்கலாம், நாற்பத்து மூன்றாகவும் இருக்கலாம் என்பது இதன் பொருள். தம் அறியாமையின் அகலத்தை எண்ணிலேயே சொல்லிவிடும் இந்த நேர்மை, விளம்பரங்களில் காணக் கிடைப்பதன்று. தரவு பெருகப் பெருக இடைவெளி சுருங்கிற்று. 2006இல் வெளிவந்த ஆய்வில், வண்டி கட்டிழந்து நேரும் கடுமையான விபத்துகள் ஈரச் சாலையில் 56 விழுக்காடும் பனிச்சாலையில் 49 விழுக்காடும் குறைந்ததாகத் தெரிந்தது. அமெரிக்காவில் நடந்த தனித்தனி ஆய்வுகளும் அதே திசையைக் காட்டவே, அந்நாட்டு அரசாங்கம் 2007இல் இதனைக் கட்டாயமாக்கி விதி செய்து, 2011 செப்டம்பர் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் அமல்படுத்திற்று. ஐரோப்பிய ஒன்றியமும் 2014 நவம்பருக்குள் அவ்வாறே செய்தது.

ஒரே குடும்பத்தில் பிறந்த இரு சாதனங்களுள் ஒன்று நடைமுறையில் மங்கவும், மற்றொன்று எதிர்பார்த்ததற்கும் மேலாகப் பயன் தரவும் காரணம் என்ன? கட்டிழக்கும் வண்டியைத் திருப்பிப் பிடிப்பது சாதாரண மனிதருக்கு இயலாத திறமை என்பதும், இங்கே யந்திரம் அவர் செய்ய முடியாததைச் செய்கிறது என்பதும் ஒரு காரணம். அதனினும் நுட்பமான காரணம் ஒன்று உண்டு. ஏ.பி.எஸ். உள்ள வண்டியின் பிரேக் ஒவ்வொரு மழை நாளிலும் தன் வலிமையைக் காலுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. சாரதி அதனை அநுபவத்தால் கற்று, நம்பி, அந்த நம்பிக்கையின்மேல் வேகத்தைக் கட்டிக்கொள்கிறார். இ.எஸ்.சி. அப்படியன்று. அடக்கமாக ஓட்டுகிறவருடைய வண்டியில் அது ஆண்டுக்கணக்கில் தலைகாட்டாமலே இருந்துவிடலாம். தலைகாட்டினாலும் முகப்பில் ஒரு சிறு விளக்கு சிமிட்டி மறைவதோடு சரி. அது தரும் உதவி பழக்கமாவதில்லை, பழக்கமாகாததனால் செலவாவதுமில்லை.

கண்ணும் கவனமும்

தகவல் தரும் சாதனங்களின் நிலை இதனினும் சிக்கலானது; ஏனெனில் அவை தம்மை உணர்த்துவதற்காகவே உண்டானவை. காரில் தொலைபேசி என்பது செல்வர்களின் ஆடம்பரமாக இருந்த 1969ஆம் ஆண்டிலேயே, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஐவன் பிரவுனும் துணைவர்களும், ஓட்டிக்கொண்டே பேசுகிறவர்கள் இரு தடைகளுக்கு நடுவே வண்டி நுழையுமா, நுழையாதா என்பதை எவ்வளவு சரியாகத் தீர்மானிக்கிறார்கள் என்று பரீட்சித்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்த கை அவ்வளவாகத் தடுமாறவில்லை, தடுமாறியது தீர்மானம். நுழைய முடியாத சந்துகளை நுழையலாம் என்று எண்ணும் பிழை மிகுந்தது.

இதற்கு 28 ஆண்டுகளுக்குப்பின், டொரான்டோ நகரத்து மருத்துவர் டொனால்டு ரெடல்மையரும் புள்ளியியலறிஞர் ராபர்ட் திப்ஷிரானியும் நூதனமான ஒரு முறையைக் கையாண்டனர். கைத்தொலைபேசி வைத்திருந்து விபத்தில் சிக்கிய 699 சாரதிகளின் பேச்சுக் கணக்குகளை வாங்கி, விபத்து நேர்ந்த கணத்துக்குச் சற்றுமுன் அவர் பேசிக்கொண்டிருந்தாரா என்பதையும், முந்தின நாள் அதே வேளையில் பேசினாரா என்பதையும் ஒப்பிட்டார்கள். இங்கே ஒரு மனிதர் தம்மோடு தாமே ஒப்பிடப்படுகிறார். துணிச்சல்காரர்தான் தொலைபேசி வாங்குகிறார், ஆகவே விபத்து துணிச்சலால் வந்ததேயன்றித் தொலைபேசியால் வந்ததன்று என்று வாதிக்க இடமில்லை. பேசும் வேளையில் விபத்துக்கு ஆளாகும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல் என்பது அவர்கள் 1997இல் வெளியிட்ட முடிவு. கையில் பிடிக்காமல் பேசும் கருவியால் ஒரு நன்மையும் தெரியவில்லை என்பதையும் அவர்கள் எழுதினார்கள்.

ஆனால் விசாரணை அதோடு முடியவில்லை. வர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் நூறு கார்களில் காமிராக்களைப் பொருத்தி ஏறத்தாழ இருபது லட்சம் மைல் ஓட்டத்தைப் பதிவு செய்து 2006இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், கைத்தொலைபேசியில் எண்ணைச் சுழற்றுவது அபாயத்தை மூன்று மடங்கை ஒட்டி உயர்த்தினாலும், வெறுமனே பேசுவதால் அபாயம் குறிப்பிடத் தக்க அளவு கூடியதாகத் தெரியவில்லை. இம்முரண்பாட்டுக்கு ஒரு தரப்பைப் பொய்யாக்கி விடை காண முயல்வது பொருந்தாது. நூறு கார்களில் உண்மையான விபத்துகள் நூற்றை எட்டவில்லை. ஆகையால் நூலிழையில் தப்பிய 761 நெருக்கடிகளையும் சேர்த்தே கணக்குச் செய்தார்கள். நெருக்கடியில் தப்புகிறவரும் மோதுகிறவரும் ஒரே தன்மையர்தாமா என்பது இன்னும் வாதத்துக்கு உரியது. எனினும் அவ்வாய்வு ஒன்றை ஐயமற நிலைநாட்டிற்று: சாலையை விட்டுக் கண் இரண்டு நொடிக்குமேல் அகன்றால் அபாயம் இரு மடங்காகிறது. மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி என்பது நாற்பத்து நான்கு மீட்டர். இதனை அடிப்படையாக வைத்தே அமெரிக்கப் பாதுகாப்பு நிர்வாகம் 2013இல், முகப்புத் திரையின் எந்தக் காரியமும் ஒரு முறைக்கு இரண்டு நொடிக்கு மிகாமலும், மொத்தம் பன்னிரண்டு நொடிக்கு மிகாமலும் கண்ணைக் கேட்க வேண்டும் என்று வழிகாட்டிற்று. சட்டத்தின் பலத்தோடு கூடிய விதி அன்று அது. உற்பத்தியாளர் விரும்பினால் பின்பற்றலாம். கைக்கெட்டிய பொத்தான்களை நீக்கிப் பெருந்திரையின் உள்ளே பல படிகளில் அவற்றை ஒளித்துவைக்கும் இன்றைய மோகம், அந்த இரண்டு நொடியை நினைவில் வைத்ததாகத் தெரியவில்லை.

அணைத்து வைக்கப்படும் எச்சரிக்கை

பொருத்திய சாதனம் வேலை செய்கிறது என்று கொள்வதும் ஓர் அனுமானமே. அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் ஆதரவில் இயங்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிலையத்தார், வாஷிங்டன் வட்டாரத்தில் பழுதுபார்க்க வந்த ஹோண்டா கார்களின் முகப்பை எட்டிப் பார்த்து எழுதிய குறிப்பு 2016இல் வெளிவந்தது. முன்மோதல் எச்சரிக்கை, தடவிலகல் எச்சரிக்கை ஆகிய இரண்டும் அமைந்த 184 கார்களில், முதலாவது ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் இயங்கும் நிலையில் இருந்தது. இரண்டாவதோ மூன்றில் ஒரு பங்கு கார்களில்தான். மற்ற வண்டிக்காரர்கள் அதன் ஓயாத ஓசையைத் தாங்காமல் அணைத்துவிட்டிருந்தார்கள். பரீட்சைத் திடலில் நூற்றுக்கு நூறு வாங்கிய யந்திரம், சாலைக்கு வந்ததும் மூவரில் இருவரால் வாய் மூடப்பட்டது. ஆகவே பலனைக் கணக்கிடுகிறவர், கருவி கண்டுபிடிக்கும் திறமையோடு, அதனை எத்தனை பேர் இயங்கவிடுகிறார்கள் என்பதையும் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

தானாகப் பிரேக் பிடிக்கும் சாதனத்தின் கணக்கு இதனோடு வைத்து நோக்கத் தக்கது. அதே நிலையத்தைச் சேர்ந்த ஜெஸிகா சிச்சினோ 2017இல் கண்டபடி, முன்வண்டியை மோதும் விபத்துகள் வெறும் எச்சரிக்கையால் 27 விழுக்காடும், எச்சரிக்கையோடு தானியங்கிப் பிரேக்கும் சேர்ந்தபோது 50 விழுக்காடும் குறைந்தன. தினந்தோறும் கூவாமல், தேவை நேர்ந்த கணத்தில் மட்டும் செயலில் இறங்கும் துணை இங்கேயும் முந்துகிறது. ஆனால் பாதசாரிகளைக் காக்கும் பிரேக்கைப் பற்றி அவர் பின்னர் வெளியிட்ட ஆய்வு நம்மை நிதானிக்கச் செய்கிறது. பாதசாரி மேல் மோதும் விபத்து மொத்தத்தில் 27 விழுக்காடு குறைந்தது; விளக்கில்லாத இருண்ட சாலையிலோ சாதனத்தின் பலன் தெரியவில்லை. அமெரிக்காவில் பாதசாரிகளின் மரணங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு இருளில் நேர்வது. ஆகவே, மொத்தத்தில் எடுத்த சராசரி என்னும் போர்வையினுள்ளே, எந்த இடத்தில் துணை மிகத் தேவையோ அந்த இடத்தில் துணையில்லை என்ற செய்தி மறைந்து கிடக்கிறது.

வகுக்கும் எண்ணின் மாயம்

விகிதம் என்பது ஓர் எண்ணை மற்றொன்றால் வகுப்பது. விபத்துகளை எண்ணுவதில் எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். அவற்றை வகுக்கும் மைல்கணக்கில்தான் தவறு புகுகிறது. டெஸ்லா கார் ஒன்றில் 2016இல் நேர்ந்த மரணத்தை விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், 2017 ஜனவரியில் விசாரணையை முடிக்கும்போது, தானே ஸ்டியரிங் பிடிக்கும் அமைப்பு பொருத்தப்பட்டபின் காற்றுப்பை விரியும் அளவிலான விபத்துகள் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்ததாக எழுதிற்று. இந்த எண் உலகமெங்கும் எடுத்தோதப்பட்டது. அதன் அடிப்படைத் தரவைச் சட்ட உரிமையால் கேட்டுப் பெற்ற தனியார் ஆய்வு நிறுவனம் ஒன்று 2019இல் காட்டியது விசித்திரமானது. 43,781 வண்டிகளுள் 5,714க்கு மட்டுமே முன்னும் பின்னுமான மைல்கணக்கு முழுமையாக இருந்தது. ஏனைய வண்டிகள் பலவற்றில், சாதனம் வருமுன் நேர்ந்த விபத்து கணக்கில் ஏறியிருக்க, அப்போது ஓடிய மைல்கள் ஏறவில்லை. அதனால் முற்கால விகிதம் வீங்கி, பிற்காலம் இளைத்துத் தோன்றிற்று. முழுமையான கணக்குள்ள வண்டிகளை மட்டும் எடுத்தபோது, விகிதம் குறையாமல் 59 விழுக்காடு கூடியிருந்தது. அந்தக் கூடுதலையும் சாதனத்தின் குற்றத்துக்குப் பிரமாணமாகக் கொள்வது அவசரம். வண்டிகள் சில, அவற்றின் வயதும் ஓடிய சாலைகளும் வேறு. அந்நிர்வாகமே 2018இல், தன் விசாரணை அத்தொழில்நுட்பத்தின் பலனை மதிப்பிடுவதாக அமையவில்லை என்று தெளிவு செய்தது. நிலைக்கும் பாடம் ஒன்றே: தரவைத் திறந்து காட்டாத விழுக்காடு, எவர் வாயிலிருந்து வந்தாலும், சாட்சியமாகாது.

காலம் என்னும் பரீட்சகர்

மற்றொரு நீதி காலத்தைப் பற்றியது. காரின் பின்கண்ணாடிக்கு அருகே உயரத்தில் மூன்றாவது பிரேக் விளக்கு ஒன்றை வைப்பது பற்றி 1970களில் அமெரிக்க டாக்சிகளிலும் கம்பெனி வண்டிகளிலும் நடந்த பரீட்சைகளில், பிரேக் பிடிக்கும் வண்டியைப் பின்னிருந்து மோதும் விபத்துகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. 1986ஆம் ஆண்டு மாடல் முதல் எல்லாக் கார்களுக்கும் அது கட்டாயமாயிற்று. 1987இல் அதன் பலன் பின்மோதல்கள் அனைத்திலும் 8.5 விழுக்காடாக இருந்தது. 1989 முதல் 1995 வரையிலான காலத்தில் 4.3 விழுக்காட்டில் நிலைத்தது. சாலையில் சில வண்டிகளுக்கே அந்த விளக்கு இருந்தபோது அது கண்ணைப் பறித்தது; எல்லோருக்கும் வந்தபின் காட்சியோடு காட்சியாகிவிட்டது. மிஞ்சிய 4.3 விழுக்காடும், ஒரு விளக்கின் அற்ப விலையை நோக்கப் பெரிய லாபமே என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பரீட்சையின் முதலாண்டு எண்ணை வைத்துப் பத்தாண்டுத் திட்டம் போடுகிறவர் ஏமாறுவார்.

நம் நாட்டுக்குப் பொருந்துமா?

மேலே சொன்ன எண்கள் யாவும் கார்கள் கார்களோடு ஓடும் சாலைகளிலிருந்து வந்தவை. இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் 4,61,312 விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். விபத்துகளின் தொகையில் 64,105 என்ற எண்ணோடு தமிழ்நாடு முதலிடத்தில் நின்றது. இறந்தவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள், 19.5 விழுக்காட்டினர் நடந்து சென்றவர்கள். அதாவது, மூவரில் இருவரை ஒட்டிய தொகையினர் காரின் வெளியே இருந்தவர்கள். காரினுள் இருப்பவரைக் காக்கும் துணையின் பலனை அமெரிக்க எண்ணைக் கொண்டு இங்கே பேசுவது, நோயாளியைப் பார்க்காமல் மருந்து எழுதுவதற்கு ஒப்பாகும்.

2019 ஜூலை முதல் நாட்டில் விற்கப்படும் புதிய கார்கள் எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் இடைவிட்டும், நூற்றிருபதைத் தாண்டினால் இடைவிடாதும் ஒலிக்க வேண்டும் என்பது விதி. அதே ஆண்டு ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய இருசக்கர வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று. காரில் கண்ட முடிவு மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. காரின் சக்கரம் பூட்டினால் வண்டி சறுக்கும், மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் பூட்டினால் ஏறியிருப்பவர் விழுவார். அதே சாதனம் வேறு வாகனத்தில் வேறு சாதனமாகிவிடுகிறது. எண்பதில் ஒலிக்கும் மணியோ, நாள்தோறும் உணரப்படும் துணைகளின் வகுப்பைச் சேர்ந்தது. அதன் ஓசை வேகத்தைக் குறைக்கிறதா, அல்லது பழகிய காதுகளில் அது வெறும் சாலைச் சத்தமாகிவிடுகிறதா என்பது அளந்தே அறிய வேண்டிய விஷயம்.

அளப்பதற்கான கருவிகள் இல்லாமலில்லை. விபத்து நேர்ந்த இடத்திலேயே போலீஸார் கைத்தொலைபேசியில் பதியும் ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளம், சென்னை ஐ.ஐ.டி.யாரின் முயற்சியால் உருவாயிற்று. முதலில் அதனை மேற்கொண்ட மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. அத்தகைய பதிவேட்டில், விபத்துக்குள்ளான வண்டியில் எந்தெந்தத் துணைச் சாதனங்கள் இருந்தன, அவை இயங்கும் நிலையில் இருந்தனவா, அடிபட்டவர் உள்ளே இருந்தவரா, வெளியே இருந்தவரா என்பன தவறாது இடம்பெற்று, ஒவ்வொரு மாடலும் எத்தனை கிலோமீட்டர் ஓடிற்று என்ற கணக்கும் சேருமாயின், ஸ்வீடன் நாட்டவர் செய்ததை நம்மவரும் செய்ய முடியும்.

சாதனத்தின் பாதுகாப்புப் பலன் என்பது யந்திரத்தின் குணம் மட்டுமன்று. அந்த யந்திரமும் அதனோடு பழகிப்போன மனிதரும் அவருக்கு முன்னும் பின்னும் பக்கத்திலும் செல்கிறவர்களும் சேர்ந்து உண்டாக்கும் விளைவு. ஆகையால், ஒரு சாதனத்தைக் கட்டாயமாக்கும் எந்த விதியும், அதனை ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் மறுபடி அளந்து, தரவைப் பொதுவில் வைத்து, பலனற்றது என்று தெரிந்தால் நீக்கவோ திருத்தவோ செய்யும் கடமையையும் தன்னுள் அடக்கியிருக்க வேண்டும். அந்தக் கடமையைச் சேர்க்காத விதி, பாதுகாப்பின் பெயரால் வாங்குகிறவர்மேல் போட்ட வரியாகவே முடியலாம். அவ்வாறு முடிந்ததா, இல்லையா என்பதைச் சொல்லக்கூட நம்மிடம் கணக்கிராது.